சயாமுக்குப் போன தாத்தாவின் பெயர் என்ன?

தாய்லாந்தின் காஞ்சனபுரி மாநிலத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டார். பாழடைந்த பழைய கோயில் இருக்கிறது, காடு இருக்கிறது, ஏழு அடுக்கு அருவி இருக்கிறது, நம் மக்கள் விரும்பிப் பார்ப்பார்கள் என்றார். உண்மைதான். 2024 நவம்பரில் நானும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தியால் அந்த ஊரை வெறும் சுற்றுலா இடமாகப் பார்த்துவிட்டு வர முடியுமா? என்னால் முடியவில்லை. அதனால் இன்றைய பேச்சில் அருவி கொஞ்சமாகவும் தண்டவாளம் அதிகமாகவும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு தாத்தா உண்டு. அவருக்குப் படம் இல்லை, சமாதி இல்லை, திதியும் கிடையாது. ‘சயாமுக்குப் போன தாத்தா’ என்றுதான் எல்லாரும் சொல்வோம். என் சொந்தத் தாத்தாவின் அண்ணன் அவர். பத்தாங் பெர்ஜுந்தைக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் பெரியவர்கள் வாயில் அந்தப் புதுப்பெயர் கடைசிவரை நுழையவே இல்லை. 1943-இல் தாத்தாவை சயாமுக்குக் கொண்டுபோனபோது அவருக்கு வயது இருபது. கல்யாணமாகி எட்டு மாதம். மனைவிக்குப் பதினாறு வயது. அவர்தான் எங்கள் பெரியபாட்டி. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1942 ஜனவரி 2-ஆம் தேதி ஜப்பான்காரர்கள் கடல் வழியாகக் கோலசிலாங்கூரில் இறங்கப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் தரப்பின் பீரங்கிகள் அவர்களை அன்றைக்கு விரட்டின. அவ்வளவுதான் நம் ஊர் செய்த எதிர்ப்பு. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 11-ஆம் தேதி, கோலாலம்பூரே விழுந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் செய்து, அது சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவி, துப்பாக்கிச்சூடும் நடந்து, தலைவர் ஆர்.எச். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தியிருந்தார்கள். கூலி உயர்வு கேட்ட அந்த மக்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

துரை போனதும் தோட்டம் நின்றது. ரப்பரை வாங்க ஆள் இல்லை. ஜப்பானுக்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு ரப்பர் மலாயாவில் இருந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்துபோனது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்குக்கு மாறினார்கள். வாழைமர நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது. துணி கிடையாது, மருந்து கிடையாது. லயத்தில் பசி என்பது விருந்தாளி இல்லை, வீட்டு ஆள் என்று பெரியபாட்டி சொல்வார். இந்தப் பசியைப் புரிந்துகொள்ளாமல் சயாம் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. ஏனென்றால் முதலில் போனவர்கள் கயிற்றில் கட்டி இழுத்துப் போனவர்கள் அல்லர். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற சொல்லை நம்பி ஏறியவர்கள்.

மூன்று மாதம் முடிந்தும் யாரும் திரும்பாதபோதுதான் தோட்டங்களில் பயம் பிடித்தது. அதற்குப் பிறகு லாரி வந்தது. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தரவேண்டும் என்று கணக்கு வந்தது. கிராணியும் கங்காணியும் பட்டியல் போட்டார்கள். யார் பெயரைப் போடுவது, யார் பெயரை விடுவது என்பதில் எத்தனையோ பழைய கணக்குகள் தீர்க்கப்பட்டன என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் மெதுவான குரலில்தான் சொல்வார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஒரே கோயிலில் திருவிழா செய்கிறார்களே! பட்டணத்தில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்திப் பிடித்துப்போன சம்பவங்களும் உண்டு. இதிலிருந்து தப்புவதற்காகவே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களும் இருந்தார்கள். எங்கள் தாத்தா அப்படிச் சேர நினைத்தாராம். நினைத்துக்கொண்டிருந்தபோதே லாரி வந்துவிட்டது.

எதற்காக இந்த ரயில் பாதை? ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான். அங்கிருந்த படைக்குச் சாமான் அனுப்ப சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குக் கப்பல் போகவேண்டும். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்ற பிறகு கடல்வழி அவனுக்கு ஆபத்தாகிவிட்டது. எனவே தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து மூன்று பகோடா கணவாய் வழியாக பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம். முன்னொரு காலத்தில் பிரிட்டிஷ்காரர்களே யோசித்துப் பார்த்து, மலையும் காடும் மலேரியாவும் சேர்ந்த அந்த வழி வேண்டாம் என்று விட்டுவிட்ட பாதை. ஜப்பான் ராணுவம் ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் முடித்தது. இரு பக்கத்துத் தண்டவாளமும் 1943 அக்டோபர் 17-ஆம் தேதி கொன்கொய்த்தாவில் சேர்ந்தன. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தண்டவாளங்களில் ஒரு பகுதி நம் நாட்டின் கிழக்குக்கரை ரயில் பாதையிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை. ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து.

மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். குடும்பத்தோடு போன பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு.

அவர்கள் போன வழியிலேயே போகவேண்டும் என்று விமானத்தை விட்டுவிட்டு ரயிலில் போனேன். பாடாங் பெசார் போய், அங்கே தாய்லாந்து ரயிலில் மாறிப் படுத்தேன். மெத்தை, கம்பளி, குளிர்சாதனம். ஒரு ராத்திரிப் பயணம். அவர்களுக்கு அது நாலைந்து நாள். மூடிய சாமான் பெட்டியில், உட்கார இடமில்லாமல், வெயிலில் தகிக்கும் இரும்புச் சுவரோடு. காலையில் பான் போங் நிலையம் ஜன்னலில் கடந்து போனது. அங்கேதான் அவர்களை இறக்கினார்கள். அதற்குமேல் நடை, சிலருக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நான் நக்கோன் பாத்தோமில் இறங்கி வேன் பிடித்து ஒன்றரை மணி நேரத்தில் காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தேன்.

காஞ்சனம் என்றால் பொன். புரி என்றால் நகரம். நமக்குப் பொருள் சொல்லித்தரத் தேவையில்லாத பெயர். நகரத்தின் நடுவிலேயே போர்க் கல்லறைத் தோட்டம். 6,982 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள். புல் ஒரே சீராக வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு தலைமாட்டிலும் பெயர், படைப்பிரிவு, வயது, குடும்பத்தார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. நான் அரைமணி நேரம் வரிசை வரிசையாக நடந்தேன். எனக்கு அவர்கள்மீது எந்தக் கோபமும் இல்லை. பத்தொன்பது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். ஆனால் ஒரு வரிசையின் கடைசியில் நின்றபோது, ‘நம்ம ஆளுங்க எங்கே?’ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் கேமராக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

கணக்கைச் சொல்கிறேன். நேச நாட்டுக் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல்; இறந்தவர்கள் ஏறத்தாழ 13,000. ஆசியத் தொழிலாளர்களில், அதாவது தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சேர்த்து, இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று போர்க் கல்லறை ஆணையமே மதிப்பிடுகிறது. அந்த இடைவெளியைப் பாருங்கள். கைதிகளின் கணக்கு ஆயிரத்தில் தெரியும். நம்முடைய கணக்கில் இருபதாயிரம் உயிர் ‘சுமார்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஏன் இப்படி? வெள்ளைக்காரன் என்பதால் மட்டும் இல்லை. கைதிகள் ராணுவத்தினர். அவர்களோடு அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். யார் எங்கே செத்தார், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாக எழுதி மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைத்து வைத்தார்கள். போர் முடிந்த மறுமாதமே, 1945 செப்டம்பரில், ஒரு குழு அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டுமே. நம் மக்களோடு போன டாக்டர்கள் மிகக் குறைவு. எழுதத் தெரிந்தவர்கள் சிலர் போனார்கள்; ஆனால் அவர்கள் எழுதுவதைக் கேட்க ஒரு ராணுவமோ அரசாங்கமோ இல்லை. 1943 மே மாதம் மழையோடு காலரா வந்தபோது முகாமில் செத்தவர்களையும், சாகப்போகிறவர்களையும்கூட, ஒரே குழியில் தள்ளினார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காலரா கடுமையாகத் தாக்கிய நிக்கி வட்டாரத்தில் பழைய ரயில் பாதை இப்போது தண்ணீருக்கடியில். 1980-களில் கட்டிய அணையின் ஏரி அதை மூடிவிட்டது. படகுச் சவாரி நடக்கிறது.

குவாய் நதிப் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் கோபிப்பார்கள். 1957-இல் வந்த ஆங்கிலப் படம்தான் அதை உலகத்துக்குத் தெரியவைத்தது. படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கலவில். தோட்டத் தமிழன் யாரும் அந்தக் கதையில் இல்லை. உண்மையான பாலத்தின் இரும்பு வளைவுகள் ஜாவாவிலிருந்து வந்தவை. நடுவில் சதுரமாகத் தெரியும் இரண்டு பகுதி, குண்டுவீச்சில் உடைந்ததைப் போருக்குப் பிறகு மாற்றியது. எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

பாலத்திலிருந்து நாம் தோக் வரை அந்த மரண ரயில் இன்றும் ஓடுகிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு 100 பாட். மரப் பலகை இருக்கை, திறந்த ஜன்னல். தாம் கிராசேயில் ஒரு பக்கம் மலைச்சுவர், ஒரு பக்கம் கீழே நதி. மரத் தூண்களின்மேல் ரயில் ஊர்ந்து போகிறது. அழகான இடம். அந்த அழகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்துகொண்டிருந்தது.

தா கிலேன் நிலையத்தில் இறங்கினால் மியாங் சிங் வரலாற்றுப் பூங்கா. தயாரிப்பாளர் சொன்ன பாழடைந்த கோயில் இதுதான். குவாய் நோய் நதிக்கரையில் செம்புறாங்கல்லால் கட்டிய மதில், கிழக்கு நோக்கிய நடுக்கோபுரம். கம்போடியாவின் அங்கோரை ஆண்ட ஏழாம் ஜெயவர்மனின் காலத்துப் பாணி. அங்கோரில் உள்ள 1191-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று ஜயசிம்மபுரி என்று ஓர் ஊரைச் சொல்கிறது. அது இந்த இடம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். சிம்மம்தான் சிங். சிங்கபுரம்! கோபுரத்துக்குள் எட்டுக் கைகளோடு அவலோகிதேஸ்வரர் நிற்கிறார். அது நகல், அசல் பாங்காக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரே அந்த அவலோகிதர்தான் என்று வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூல் சொல்கிறது. பௌத்தர் எழுதிய தமிழ் இலக்கணம் அது. அவர் சொன்னது சரியோ இல்லையோ, கோபுர நிழலில் நின்றபோது எனக்கு ஓர் எண்ணம். மதிலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் தண்டவாளம். மண் சுமந்தவர்களில் யாராவது ஒருவர், தண்ணீர் எடுக்க நதிக்குப் போகும் வழியில், இந்தக் கற்குவியலைப் பார்த்துக் கும்பிட்டிருப்பாரா? கோபுரம் மாதிரி எதைப் பார்த்தாலும் கை தானாக ஏறும் ஜனங்கள் அல்லவா நாம்.

பக்கத்திலேயே பான் காவ். இங்கே நடந்த ஒரு சம்பவத்தை அருங்காட்சியகத்தில் படித்தேன். வான் ஹீக்கரன் என்ற டச்சுத் தொல்லியலாளர் கைதியாக இந்தப் பாதையில் வேலை செய்தார். மண் வெட்டும்போது புதிய கற்காலத்துக் கற்கோடரிகள் கண்ணில் பட்டன. பட்டினியிலும் அடியிலும் அவற்றைப் பொறுக்கி மறைத்து வைத்துக்கொண்டார். போருக்குப் பிறகு திரும்பி வந்தார். 1960 முதல் 1962 வரை தாய்லாந்தும் டென்மார்க்கும் சேர்ந்து அங்கே அகழாய்வு நடத்தின. கல்லைத் தட்டிக் கோடரி செய்த ஆதி மனிதர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அந்த மனிதரை நான் பாராட்டத்தான் செய்கிறேன். ஆனாலும் பாருங்கள், அந்தப் பூமியில் சில ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்தவனுக்குக் கண்ணாடிப் பெட்டியும் விவரப் பலகையும் இருக்கிறது. 1943-இல் இறந்தவருக்கு ஒன்றும் இல்லை.

காட்டுக்கு வருகிறேன். எரவான் தேசியப் பூங்கா 1975-இல் தொடங்கியது. எரவான் என்பது நம் ஐராவதம்தான், இந்திரனின் யானை. மூன்று தலை யானையைப் போல் இருக்கிறதாம் அருவியின் உச்சி. ஏழாவது அடுக்குவரை ஏறியும் எனக்கு யானை தெரியவில்லை, முழங்கால் வலிதான் தெரிந்தது. நீல நிறத் தண்ணீர், மீன்கள் காலைக் கடிக்கும். குடும்பத்தோடு போகலாம். சாய் யோக் பூங்கா 1980-இல் வந்தது. உலகத்திலேயே மிகச் சிறிய வௌவாலை 1970-களில் அந்தப் பக்கத்துக் குகைகளில்தான் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காடு முழுக்க மூங்கில். முள் மூங்கில். மூங்கில் கீறினால் புண் ஆறாது, எலும்பு தெரியும் வரை அழுகும் என்று கைதிகளின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நரக நெருப்புக் கணவாய் என்று அவர்கள் பெயர் வைத்த கொன்யூ பாறைப் பிளவுக்குள் இறங்கினேன். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் பாறை உடைத்ததைப் பார்த்து வைத்த பெயர். சுத்தியலும் உளியும் வைத்து, மருந்து வைத்து வெடித்து, மலையைப் பிளந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசாங்கம் 1998-இல் அங்கே நினைவு அருங்காட்சியகம் திறந்தது. பராமரிப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பாறையில் உளி உடைந்து சிக்கிய ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். யார் போட்ட ஓட்டையோ.

நம்மவருக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பான் ராணுவமே 1944-இல் ஒரு நினைவுத்தூண் கட்டியது. அதில் தமிழிலும் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். கொன்றவன் வைத்த கல்தான், ஆனால் அந்த ஊரில் நான் முதலில் பார்த்த தமிழ் எழுத்து அது. 1990-இல் காஞ்சனபுரியில் நிலம் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் உள்ள வாட் தாவோர்ன் வராராம் விகாரையில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை வைத்து எழுப்பிய தூபி இருக்கிறது. அங்கேதான் 2023 மே மாதத்தில் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில், நம் பழைய வழக்கப்படி, ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டு கழித்து வந்த கல். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன விபூதியையும் கற்பூரத்தையும் அங்கே வைத்தேன். கற்பூரம் காற்றில் இரண்டு முறை அணைந்தது.

நம் நாட்டிலும் சும்மா இருந்துவிடவில்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். திரும்பி வந்தவர்களைத் தேடிப் பதிவு செய்த ஆர்வலர்கள் இருக்கிறார்கள். நஷ்டஈடு? 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் ஒப்பந்தம் போட்டு 25 மில்லியன் வெள்ளி கப்பலாக வந்தது. எங்கள் லயத்துக்கு எந்தக் கப்பலும் வரவில்லை.

இப்போது பெரியபாட்டி.

போர் முடிந்ததும் சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். 1946 வரை வந்துகொண்டே இருந்தார்கள். ஈஜோக்கில் இருவர் வந்தார்கள், தஞ்சோங் காராங் பக்கம் ஒருவர் வந்தார் என்று செய்தி வரும். பெரியபாட்டி நடந்தே போய் விசாரித்துவிட்டு வருவார். ‘வாம்போவுல பார்த்தேன்’ என்றார் ஒருவர். ‘காலராவுல போயிட்டாரு’ என்றார் இன்னொருவர். ஆனால் அவர் சொன்ன அங்க அடையாளம் பொருந்தவில்லை. தாலியை எடுத்துவிடு என்று மாமியார் சொன்னார். ‘பார்த்தவங்க வந்து சொல்லட்டும், எடுக்கிறேன்’ என்றார் பெரியபாட்டி. யாரும் வந்து சொல்லவில்லை. கொழுந்தனை, அதாவது என் தாத்தாவை, மகனைப்போல் வளர்த்து, நாற்பது வருடம் பால்மரம் வெட்டினார். 2011-இல் எண்பத்துநான்கு வயதில் இறந்தபோது அவரைச் சுமங்கலியாக அனுப்புவதா, விதவையாக அனுப்புவதா என்று நடுவீட்டில் பெரியவர்களுக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. என் அம்மா யாரையும் கேட்காமல் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

காஞ்சனபுரியில் ஓர் அருங்காட்சியக ஊழியரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அன்பான மனிதர். எழுதி வைக்கலாமே என்று தாளை எடுத்தார். எந்தத் தோட்டம்? சொன்னேன். எந்த ஆண்டு? சொன்னேன். பெயர்?

எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. சித்தப்பாவைக் கேட்டேன், ‘பெரியப்பான்னுதான்டா சொல்லுவோம்’ என்றார். தாத்தா இருந்தவரை ‘அண்ணன்’ என்றார். கட்டிய மனைவியோ புருஷன் பெயரைச் சொல்லும் பழக்கமில்லாதவர். செக்ரோல் புத்தகம் தோட்டத்தோடு போய்விட்டது. ஒரு மனிதரை எல்லாரும் அறுபது எழுபது வருடம் நினைத்துக்கொண்டே இருந்து, பெயரை மட்டும் தொலைத்துவிட்டோம்.

இதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சே வீண். 2008-இல் நான் மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா படித்தபோது, ஒரு முதியவரைப் பேட்டி எடுத்து நான்கு நிமிடப் படம் செய்யச் சொன்னார்கள். பெரியபாட்டியை லயத்து வாசலில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் டேப்பில் பிடித்தேன். தாத்தா பேர் என்ன பாட்டி என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு ஏதோ விடுகதை மாதிரி சொன்னார். சிரிப்பும் இழுப்புமாக இருக்கிறது, நேரம் போதாது என்று அந்த இடத்தை வெட்டினேன். டேப்பைக் கழுவி அடுத்த வேலைக்குக் கொடுத்துவிட்டேன். படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

கேமராவுக்குப் பக்கத்தில் அன்றைக்கு அம்மா நின்றிருந்தார். நான் ஊர் திரும்பியதும் இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். மூன்றாம் நாள் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ‘நம்ம கோயில்ல ஆத்தாவுக்குப் பக்கத்துல காவலுக்கு நிக்கிறாரே, அவரு பேரு’ என்றாராம்.

உடனே காரை எடுத்துக்கொண்டு போனோம். 1990-களில் தோட்டம் கைமாறியபோது கோயிலைப் பெரிய சாலையோரம் இடம் மாற்றி, புதிதாகக் கும்பாபிஷேகம் செய்திருக்கிறார்கள். மாரியம்மன் நடுவில். ஒரு பக்கம் முனியாண்டி. மறுபக்கம் மதுரை வீரன். இரண்டு பேருமே காவல்தான்!

பழைய கோயிலில் ஆதியில் ஒருவர்தான் இருந்தார், மற்றவர் பிற்பாடு வந்தவர் என்கிறார் கோயில் தலைவர். எவர் ஆதி? முனியாண்டி என்கிறார் சித்தப்பா. வீரன்தான், என் கல்யாணத்துக்கு அப்புறம்தான் முனியாண்டியை வைத்தார்கள் என்கிறார் அத்தை. இருவரும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

காஞ்சனபுரிக்கு அனுப்பவேண்டிய தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. தகப்பனார் பெயரை என் தாத்தாவின் பழைய அடையாள அட்டையிலிருந்து எடுத்து எழுதிவிட்டேன். மனைவி பெயர், தோட்டம், வயது எல்லாம் எழுதியாகிவிட்டது. முதல் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, ஜெராம், ரவாங் பக்கத்து நேயர்கள் வீட்டிலும் இப்படி ஒரு ‘சயாமுக்குப் போன’ தாத்தாவோ பாட்டியோ இருப்பார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று இன்றைக்கே வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தோட்டத்தில் அதே லயத்தில் சிறுமியாக இருந்த ஓர் ஆயா இப்போது தஞ்சோங் காராங்கில் பேத்தி வீட்டில் இருக்கிறார். லாரி வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். காது கொஞ்சம் மந்தமாம். காலையிலேயே வந்துவிடுங்கள், பசியாறிவிட்டு உட்கார்ந்தால் நன்றாகப் பேசுவார் என்று பேத்தி சொல்லியிருக்கிறார்.